ஃபோல்டர் சைஸும் தேதியும்: லினக்ஸில் எந்தக் கமாண்ட் எதைச் சொல்கிறது?

பெங்களூரு அல்சூர் ஏரிப் பக்கம் ஆல்பம் டிசைன் செய்யும் ஒரு சின்ன ஆபீஸை எடுத்துக்கொள்வோம். நாலு கம்ப்யூட்டர், நடுவில் லினக்ஸ் ஓடும் ஒரு ஃபைல் சர்வர், அதில் 4 டிபி டிஸ்க். டிஸ்க் நிறைந்ததும் கேட்கப்படும் கேள்வி எல்லா ஆபீஸிலும் ஒன்றுதான்: எந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது, அதில் கடைசியாக எப்போது கை வைத்தார்கள்? பெரிசாகவும் பழசாகவும் இருப்பதைத் தூக்கி வேறு டிஸ்க்கில் போட்டுவிடலாம்.

கேள்வி ஒன்றுதான், ஆனால் அதற்குள் இரண்டு கிளைகள் இருக்கின்றன. சைஸ் என்றால் ஃபைலின் நீளமா, டிஸ்க்கில் அது பிடித்த இடமா? தேதி என்றால் ஃபோல்டரின் சொந்தத் தேதியா, உள்ளே இருப்பவற்றில் ஆகப் புதியதன் தேதியா? எல்எஸ், டியு, ஃபைண்ட், என்சிடியு என்ற நான்கு கமாண்ட்களும் இதற்கு வெவ்வேறு பதில் வைத்திருக்கின்றன. எந்தப் பதில் வருகிறது என்று தெரியாமல் டெலீட் செய்தால்தான் வம்பு. எங்கள் கட்சி டியு; ஏன் என்பது கீழே.

ஒரு விஷயம். கமாண்ட்களைப் போனில் சொல்லி டைப் செய்ய வைப்பதுபோல உச்சரிப்பிலேயே எழுதியிருக்கிறோம். தமிழில் டைமுக்கும் டெப்த்துக்கும் ஒரே ‘டி’ என்பதால், முடிந்த இடங்களில் ஒற்றை எழுத்து ஆப்ஷனை விட்டுவிட்டு இரட்டைக் கோடு போட்ட முழுப் பெயரைக் கொடுத்திருக்கிறோம். ஸ்கிரிப்ட் எழுதும்போதும் அதுவே நல்லது. ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்க்கிறவருக்குப் புரியும்.

எல்எஸ்: ஃபைலுக்குச் சரி, ஃபோல்டருக்கு இல்லை

எல்எஸ் -எல் --ஹ்யூமன்-ரீடபிள் --டைம்-ஸ்டைல்=லாங்-ஐஎஸ்ஓ

எல்லோர் கையும் முதலில் போகிற இடம் இது. ஃபைல்களுக்கு இது போதும்: நீளம், கடைசியாக மாற்றிய தேதி, பெயர். பெரிசு முதலில் வர --சார்ட்=சைஸ், புதுசு முதலில் வர --சார்ட்=டைம், தலைகீழாக வேண்டுமானால் --ரிவர்ஸ். டைம்-ஸ்டைலைச் சேர்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சும்மா விட்டால் எல்எஸ் ஆறு மாதத்துக்குள் மாறிய ஃபைலுக்கு மணியைக் காட்டும், அதற்கு முந்தையதற்கு மணியை விழுங்கிவிட்டு வருஷத்தைக் காட்டும். ஒரே பட்டியலில் இரண்டு வடிவம் வந்தால் கண் ஏமாறும்.

ஃபோல்டர் என்று வந்தால் கதை மாறுகிறது. பெங்களூரு கரகம் திருவிழாவின் ஊர்வலப் படங்கள் உள்ள ஒரே ஃபோல்டரை இரண்டு கமாண்டிலும் கேட்டால் வரும் பதில் இப்படி இருக்கும்:

எல்எஸ்: 4.0கே — 2025-04-13 03:05 — கரகம்
டியு: 38ஜி — 2025-06-02 18:47 — கரகம்

இரண்டுமே பொய் இல்லை. 4.0கே, அதாவது 4096 பைட், என்பது எக்ஸ்ட்4 (லினக்ஸ் ஃபைல்களை டிஸ்க்கில் அடுக்கும் ஒரு முறை) டிஸ்க்கில் அந்த ஃபோல்டர் தன் பெயர்ப்பட்டியலை எழுதி வைக்க எடுத்துக்கொண்ட இடம். உள்ளே இருக்கும் படங்களுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆயிரக்கணக்கில் ஃபைல் சேர்ந்தால் பட்டியல் நீண்டு 4096 பெருகும். பிறகு ஃபைல்களை அழித்தாலும் எக்ஸ்ட்4-ல் அது திரும்பச் சுருங்காது. எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு முறையில் அமைந்த டிஸ்க்கில் காலி ஃபோல்டருக்கு 6 என்று வரும்.

தேதியிலும் இதே கதைதான். ஃபோல்டருக்குள் ஒரு பெயர் சேர்ந்தாலோ, நீங்கினாலோ, மாறினாலோ மட்டும்தான் அதன் சொந்தத் தேதி நகரும். அதுவும் நேரடியாக அந்த ஃபோல்டருக்குள் நடந்தால்தான். கரகம் ஃபோல்டருக்குள் ஆல்பம் என்று ஓர் உள் ஃபோல்டர், அதில் ஜூன் மாதம் சேவ் செய்த டிசைன் ஃபைல் என்றால், மேலே உள்ள கரகத்தின் தேதி ஏப்ரலிலேயே நிற்கும். எல்எஸ்ஸைப் பார்த்து ‘ரெண்டு மாசமா யாரும் தொடலை’ என்று நகர்த்தினால், நடந்துகொண்டிருக்கும் வேலையைத்தான் நகர்த்துகிறீர்கள்.

பட்டியலின் மேலே வரும் ‘டோட்டல்’ வரியையும் நம்பி ஏமாறுவார்கள். அது காட்டப்பட்ட வரிசைகள் பிடித்த இடத்தின் கூட்டல் மட்டுமே. உள் ஃபோல்டர்களின் உள்ளடக்கம் அதில் இல்லை.

டியு: இந்தக் கேள்விக்கென்றே இருக்கும் ஆப்ஷன்

டியு --ஆல் --ஹ்யூமன்-ரீடபிள் --டைம் --மேக்ஸ்-டெப்த்=1 /படங்கள் | சார்ட் --ஹ்யூமன்-நியூமரிக்-சார்ட்

டியு சைஸ் சொல்லும் என்று எல்லோருக்கும் தெரியும். அதன் --டைம் ஆப்ஷன் பலருக்குத் தெரியாது. அது தரும் தேதி, அந்த ஃபோல்டரிலும் அதற்குக் கீழே எவ்வளவு ஆழத்திலும் இருப்பவற்றில் ஆகப் புதியது. நமக்கு வேண்டியது அதுதான். சைஸ், தேதி, பெயர் என்று டேப் பிரித்து வரும். கடைசி வரி மொத்தக் கூட்டல். தேதிப்படி அடுக்க வேண்டுமானால் சார்ட்டில் --ஹ்யூமன்-நியூமரிக்-சார்ட்டை எடுத்துவிட்டு --கீ=2 கொடுத்தால் போதும். தேதி வருஷம்-மாதம்-நாள் என்று வருவதால் எழுத்து வரிசையே கால வரிசை.

மேக்ஸ்-டெப்த் 1 என்றால் ஒரு மட்டத்தோடு நின்றுவிடும், வேகமாக முடியும் என்று நினைக்க வேண்டாம். அது காட்டுவதைத்தான் குறைக்கிறது. நடப்பது முழு மரத்தையும்தான். லட்சக்கணக்கான ஃபைல் உள்ள சுழலும் டிஸ்க்கில் நிமிடக்கணக்கில் ஓடும். அடுத்த முறை கேஷில் இருப்பதால் சட்டென்று முடியும்.

பலர் ‘டியு -எஸ்எச் நட்சத்திரம்’ என்று பழகியிருப்பார்கள். எல்லாப் பெயரையும் குறிக்கும் அந்த நட்சத்திரக் குறி (*), பெயர் புள்ளியில் தொடங்கும் மறைந்த ஃபோல்டர்களைப் பிடிக்காது. ரீசைக்கிள் பின்னைப் புள்ளி வைத்த ஃபோல்டராக வைத்திருக்கும் சர்வரில், காணாமல் போன 200 ஜிபி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். மேலே கொடுத்த கமாண்டுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

அனுமதி இல்லாத ஃபோல்டரை டியு பிழைச் செய்தியோடு தாண்டிப் போகும், கூட்டல் அந்த அளவுக்குக் குறையும். செய்தியைக் கண்ணில் படாமல் டெவ்-நல் என்ற குப்பைத்தொட்டிக்குத் தள்ளிவிடும் பழக்கம் இங்கே கெட்ட பழக்கம். சூடோ (அட்மின் அனுமதியோடு ஓட்டும் கமாண்ட்) போட்டு ஓட்டுங்கள். வேறு டிஸ்க் நடுவில் மவுண்ட் ஆகியிருந்தால் --ஒன்-ஃபைல்-சிஸ்டம் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் பேக்கப் டிஸ்க்கையும் சேர்த்துக் கூட்டிவிடும்.

இனி சைஸ். டியு சொல்வது டிஸ்க்கில் பிடித்த இடம். 4 கேபி பிளாக்கில் (டிஸ்க் இடம் ஒதுக்கும் ஆகச் சிறிய துண்டு) ஒரு பைட் ஃபைலும் 4.0கே என்றுதான் வரும். 1 கேபி தம்ப்நெயில் ஒரு லட்சம் இருந்தால் நீளம் சுமார் 98எம், பிடிப்பது சுமார் 390எம். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. விர்ச்சுவல் மெஷினின் டிஸ்க் ஃபைலை எல்எஸ் 60ஜி என்றும் டியு 11ஜி என்றும் சொல்லலாம். ஓட்டை விட்டு எழுதப்பட்ட ஃபைல் அது. எழுதாத பகுதிக்கு டிஸ்க்கில் இடம் இல்லை. நீளம்தான் வேண்டும் என்றால் --ஆப்பரன்ட்-சைஸ். டிஸ்க்கைக் காலி செய்யப் பிடித்த இடம், பென்டிரைவுக்கோ இணையத்துக்கோ அனுப்ப நீளம்.

ஹார்டு லிங்க் (ஒரே ஃபைலுக்கு இன்னொரு பெயர்) வைத்து தினசரி பேக்கப் எடுக்கும் சர்வரில் இன்னொரு விசித்திரம் தெரியும். ஏழு நாள் ஃபோல்டர்களையும் ஒரே டியு-வில் கேட்டால் முதல் ஃபோல்டர் 900ஜி, மற்ற ஆறும் சில ஜிபி என்று வரும். ஆறாவதைத் தனியாகக் கேட்டால் அதுவும் 900ஜி. ஒரே ஓட்டத்தில் ஒரு ஃபைலை டியு ஒரு முறைதான் எண்ணும், முதலில் கண்ட இடத்தின் கணக்கில் எழுதும். எனவே அந்த ‘900ஜி’ ஃபோல்டரை அழித்தாலும் 900 ஜிபி திரும்பி வராது.

தேதியிலும் இரண்டு பொறிகள். ஒன்று, ஃபோல்டர்களின் சொந்தத் தேதியையும் டியு போட்டியில் சேர்த்துக்கொள்கிறது. பழைய ஃபோல்டரில் இன்று ஒரு படத்தை அழித்தால் முழு ஃபோல்டரும் ‘இன்று’ ஆகிவிடும். இரண்டு, கேமரா கடிகாரம் தப்பாக இருந்து ஒரே ஒரு ஃபைல் 2036 என்ற தேதியோடு உட்கார்ந்திருந்தால், அதற்கு மேலே உள்ள எல்லா ஃபோல்டருக்கும் 2036தான். எந்த ஃபைல் காரணம் என்று டியு சொல்லாது. அங்கேதான் அடுத்தவர் தேவைப்படுகிறார்.

ஃபைண்ட்: ஃபைலைக் கையோடு பிடித்துக் காட்டுவது

ஃபைண்ட் கரகம் -டைப் எஃப் -பிரிண்ட்எஃப் '%டி+ %எஸ் %பி\என்' | சார்ட் | டெயில்

(டி மட்டும் கேப்பிட்டல்; மற்றவை சின்ன எழுத்து.) தேதி, பைட் கணக்கில் நீளம், பாதை என்று வரும், ஆகப் புதிய பத்து ஃபைல் கடைசியில் நிற்கும். ஃபைல்களை மட்டும் பார்ப்பதால் ஃபோல்டரின் சொந்தத் தேதி குழப்பாது. எதிர்காலத் தேதி உள்ளவற்றைப் பிடிக்க -நியூயர்எம்டி டுமாரோ போதும். ஆனால் ஃபோல்டரின் மொத்தத்தை ஃபைண்ட் கூட்டிக் கொடுக்காது.

நிபந்தனைகளில் கணக்கு சறுக்கும். -சைஸ் -1ஜி என்றால் ஒரு ஜிபிக்குக் கீழே என்று யாரும் நினைப்பார்கள். ஃபைண்ட் சைஸை அடுத்த முழு எண்ணுக்கு உயர்த்தி ஒப்பிடுவதால் அதில் காலி ஃபைல் மட்டுமே சிக்கும். -எம்டைம் +365 என்பதில் மிச்ச மணிநேரம் கழிக்கப்படும், அதனால் 366 நாள் முழுதாக ஆனவைதான் வரும். இதை அப்படியே -டெலீட்டோடு சேர்ப்பதற்கு முன் ஒரு தடவை பிரிண்ட் செய்து பார்ப்பது நல்லது.

இந்த பிரிண்ட்எஃப்பும் டியு-வின் --டைமும் லினக்ஸில் வழக்கமாக வரும் க்னூ பதிப்புகளின் வசதி. மேக்கில் இருக்கும் ஃபைண்ட், டியு இரண்டிலும் இவை இல்லை.

என்சிடியு: உட்கார்ந்து பார்ப்பவருக்கு

கமாண்ட் அடிக்கப் பிடிக்காதவரிடம் இதைக் கொடுக்கலாம். அம்புக்குறியால் ஃபோல்டருக்குள் போய் வரலாம், பெரிசு மேலே இருக்கும். தேதி தானாக வராது. தொடங்கும்போது -இ கொடுத்து எக்ஸ்டெண்டட் மோடில் ஓட்டி, பிறகு சின்ன எம் கீயை அழுத்த வேண்டும். டியு போலவே உள்ளே ஆகப் புதிய தேதியைக் காட்டும். கேப்பிட்டல் எம் தேதிப்படி அடுக்கும். ஏ கீ நீளத்துக்கும் பிடித்த இடத்துக்கும் நடுவே மாற்றும்.

டெலீட் செய்யும் கீயும் இதிலேயே இருக்கிறது. கேட்டுத்தான் அழிக்கும், ஆனாலும் பார்க்க மட்டும் என்றால் -ஆர் சேர்த்து ஓட்டுங்கள். பெரிய சர்வருக்கு இதன் உண்மையான பலம் வேறு: ராத்திரி -ஓ கொடுத்து முடிவை ஒரு ஃபைலில் எழுதி வைத்து, காலையில் -எஃப் கொடுத்துத் திறந்தால் டிஸ்க்கைத் தொடாமலேயே உலாவலாம். இரண்டு முறையும் -இ மறக்கக் கூடாது.

மற்றவை சுருக்கமாக. ட்ரீ கமாண்டின் --டியு ஃபோல்டர் மொத்தத்தைக் காட்டும், ஆனால் தேதி ஃபோல்டரின் சொந்தத் தேதிதான். ஈசா என்ற புது எல்எஸ்ஸும் --டோட்டல்-சைஸ் கொடுத்தால் இதே ரகம்: சைஸ் உள்ளே இருப்பதற்கு, தேதி வெளியே இருப்பதற்கு. இந்தக் கலவை எல்எஸ்ஸைவிட ஆபத்து, ஏனென்றால் பாதி சரியாக இருக்கிறது. ஜினோம் டெஸ்க்டாப்பில் பேயோபாப் சைஸையும் மாற்றிய தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும்.

எந்தக் கமாண்டாலும் திருத்த முடியாத தேதி

சாதாரண சிபி-யால் நகல் எடுத்தால் எல்லா ஃபைலுக்கும் நகல் எடுத்த நேரமே தேதியாகிவிடும். சர்வர் மாற்றும்போது சிபி --ஆர்கைவ் அல்லது ஆர்சிங்க் --ஆர்கைவ் போட்டிருக்க வேண்டும். போடாமல் விட்டிருந்தால், ஜேபெக் படங்களுக்காவது வழி உண்டு: எக்ஸிஃப்டூல் கொண்டு படத்துக்குள் இருக்கும் எடுத்த நேரத்தை ஃபைலின் தேதியாக எழுதிவிடலாம்.

நேர வலயம் இன்னொன்று. சர்வர் யுடிசி-யில் (உலகப் பொது நேரத்தில்) ஓடினால் இந்திய நேரத்துக்கு 5:30 மணி பின்தங்கிக் காட்டும். கரகம் ஊர்வலம் நள்ளிரவுக்குப் பிறகுதான் தர்மராயசுவாமி கோயிலிலிருந்து கிளம்பும். விடியற்காலை 3:00 மணிக்குச் சேர்ந்த ஃபைலுக்கு முந்தைய நாள் 21:30 என்று பதிவு தெரியும். படங்கள் ஒரு நாள் முந்திப் போனதுபோல இருக்கும். சேமித்த நேரம் தப்பில்லை, காட்டுவதுதான் வேறு. கமாண்டுக்கு முன்னால் டிஇசட்=ஏசியா/கொல்கத்தா என்று சேர்த்தால் நம் நேரத்தில் வரும்; எல்எஸ், டியு, ஃபைண்ட் மூன்றுக்கும் இது பொருந்தும்.

தமிழில் பெயர் வைத்த ஃபோல்டர்கள் சில சர்வர்களின் டெர்மினலில் எல்எஸ் அடிக்கும்போது பெயருக்குப் பதிலாக 340, 256, 225 என்று எண்களாக வரும். ஃபைல் கெட்டுப்போகவில்லை. லோக்கேல் (மொழி, எழுத்து அமைப்பு) சி என்று இருப்பதால் ‘க’ என்ற எழுத்தின் மூன்று பைட்டையும் தனித்தனியே எண்ணாக எழுதுகிறது. யுடிஎஃப்-8 லோக்கேல் வைத்தால் சரியாகிவிடும். அந்த மூன்று பைட் கணக்கு இன்னோர் இடத்திலும் இடிக்கும். எக்ஸ்ட்4-ல் ஒரு பெயருக்கு 255 பைட்தான் இடம். தமிழில் அது 85 குறியீடுகள். கொம்பு, கால், புள்ளி ஒவ்வொன்றும் தனிக் குறியீடாக எண்ணப்படும். மணமக்கள் பெயர், மண்டபம், தேதி எல்லாம் சேர்த்து ஃபோல்டருக்குப் பெயர் வைக்கிறவர்களுக்கு ‘ஃபைல் நேம் டூ லாங்’ வருவது இதனால்தான்.