கெண்டைக்காலில் 'டப்' என்றால் உடனே உருவி விட விடாதீர்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஷட்டில் ஆடிக்கொண்டிருந்தேன். நெட்டை ஒட்டி விழுந்ததை எடுக்கக் காலை உந்தியதும், பின்னாலிருந்து யாரோ கல்லை விட்டெறிந்த மாதிரி கெண்டைக்காலில் 'டப்' என்று ஓர் அடி. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. தசை கிழியும்போது பலருக்கும் இப்படித்தான் இருக்குமாம். எனக்கு அப்போது தெரியாது.

மறுநாள் நொண்டிக்கொண்டே, பிசியோதெரபி என்று போர்டு வைத்த ஓர் இடத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "வெறும் பிடிப்பு சார், பத்து சிட்டிங்ல சரியாயிடும்" என்று முதலிலேயே 6,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். சூடான ஒத்தடம், அப்புறம் மசாஜ் கன். அது வலித்த இடத்திலேயே கடகடவென்று அதிர, கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தேன். வலித்தால்தான் இறுக்கம் விடும் என்றார். நம்பினேன்.

இரண்டாவது சிட்டிங் முடிந்த இரவு கால் கல் மாதிரி வீங்கிவிட்டது. கணுக்கால் வரைக்கும் கருநீலம். எலும்பு மருத்துவர் என்னைக் குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தார். பாதம் அசைந்தது, குதிகால் நாண் அறுந்திருந்தால் அசைந்திருக்காது என்றார். ஸ்கேனில், கெண்டைத்தசையின் உட்பக்கம் கிழிந்து ரத்தம் தேங்கியிருந்தது. சிரையில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்றும் பார்த்தார். அப்படி உறைந்திருந்து, மேலே அழுத்தித் தேய்த்தால் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம் என்று அவர் சொன்னபோது எனக்குக் குலை நடுங்கிவிட்டது.

முதல் இரண்டு மூன்று நாள் சூடும் கூடாது, உருவுவதும் கூடாது. துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைத்து எடுங்கள். கிரேப் பேண்டேஜ் சுற்றி, காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். ஊன்றவே முடியாவிட்டாலோ, வீக்கம் ஏறிக்கொண்டே போனாலோ உடனே மருத்துவரிடம் போங்கள். பிசியோவிடம் போனால் பி.பி.டி. என்ற பிசியோதெரபி பட்டம் படித்தவரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள், நான் கேட்கவில்லை.

இப்போது ஆறாவது வாரம். இரண்டு காலாலும் குதிகாலை உயர்த்தி இறக்குகிறேன், ஒற்றைக்காலில் இன்னும் முடியவில்லை. மீதி எட்டு சிட்டிங் பணத்தைக் கேட்டால், பேக்கேஜ் பணம் திரும்பத் தர மாட்டோம் என்கிறார்கள். ரசீதும் தரவில்லை. ஜிபே விவரத்தை வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன்.