பேட்டரி மாற்றிய பிறகும் அதே மூன்று பேர்

போன மாதம் என் ஈ-ரீடருக்குப் பேட்டரி மாற்றினேன். ஆறு வருஷத்து மெஷின். புது மாடல் விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமாடா என்று நண்பன் கேட்டான். ஸ்கிரீன், எடை, ஸ்டோரேஜ் எல்லாம் அவனே பார்த்துக்கொள்வான். பழைய அமெரிக்க க்ரைம் நாவல் படிக்கவென்றே இதை வைத்திருப்பவன் நான். எனக்குச் சொல்ல இருப்பது முகப்பில் வரும் அந்தப் பரிந்துரை வரிசையைப் பற்றி மட்டும்தான்.

ஹாமெட், சாண்ட்லர், ஜேம்ஸ் எம். கெயின். ஆறு வருஷமாக இதே மூன்று க்ரைம் எழுத்தாளர்கள். மூவரையும் முதல் வருஷமே முடித்துவிட்டேன். அது இந்த மெஷினுக்கும் தெரியும், படித்து முடித்ததற்கு டிக் போட்டு வைத்திருப்பதே அதுதான். பேட்டரி மாற்றிய கடையில் ரீசெட் செய்து, துடைத்த சிலேட்டு மாதிரி கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து வைஃபை போட்டேன். என் புத்தகம் ஒன்றுகூட இறங்கவில்லை, அதற்குள் மூவரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

மெஷினையும் குறை சொல்ல முடியாதுதான். யாராவது வாங்கியிருந்தால்தானே 'இதையும் வாங்கினார்கள்' என்று காட்டும்? ஜிம் தாம்ஸன் 1977-இல் இறந்தபோது அவருடைய நாவல் ஒன்றுகூட அமெரிக்காவில் அச்சில் இல்லை. டேவிட் கூடிஸின் 'டவுன் தேர்' 1956-இல் மலிவு பேப்பர்பேக்காக வந்து போனது. அதை 1960-இல் படமாக எடுக்கப் பிரான்ஸிலிருந்து ட்ரூஃபோ வர வேண்டியிருந்தது. ஆளே வாங்காத எழுத்தாளரை எந்தக் கணக்கு கண்டுபிடிக்கும்?

சரி, இப்படி வரிசையில் வராத எழுத்தாளர்கள் எனக்கு எப்படிக் கிடைத்தார்கள்? சோம்பேறித்தனத்தால். இந்த ஸ்கிரீனில் டைப் அடிப்பது மாவாட்டுகிற வேலை. ஜேம்ஸ் எம். எல்லாம் அடிக்கப் பொறுமையில்லாமல் ஒருநாள் 'கெயின்' என்று மட்டும் தேடினேன். பால் கெயின் என்று ஒருவர் வந்தார். இலவச சாம்பிளை இறக்கினேன். விடிய விடிய படித்தேன். அந்த நாவல் 'பிளாக் மாஸ்க்' என்ற பழைய அமெரிக்க க்ரைம் பத்திரிகையில் துண்டு துண்டாக வந்து, 1933-இல் 'ஃபாஸ்ட் ஒன்' என்று புத்தகமானது. அவர் எழுதிய ஒரே நாவல். நிஜப்பெயர் ஜார்ஜ் சிம்ஸ். இவர் வாக்கியங்களுக்குப் பக்கத்தில் ஹாமெட்டே கொஞ்சம் வளவளப்பாகத் தெரிகிறார். சாண்ட்லர் பாராட்டிய நாவல் வேறு. அந்த சாண்ட்லரைத்தான் இந்த மெஷின் தினமும் என் மூஞ்சிக்கு நேரே நீட்டுகிறது!

டோரதி பி. ஹியூஸும் இப்படித்தான். போகார்ட் நடித்த 'இன் எ லோன்லி பிளேஸ்' படத்தின் பெயரைத் தேடப்போய், 1947-இல் அவர் எழுதிய மூல நாவல் கிடைத்தது. படத்தைவிடப் பல மடங்கு இருட்டு.

மெஷினுக்குள் இருக்கும் அகராதி தனிக்கூத்து. நாவலில் ஒருத்தன் கோட்டுக்குள்ளிருந்து 'ஹீட்டர்' எடுக்கிறான். அந்த வார்த்தையை அழுத்திப் பார்த்தால், அறையைச் சூடாக்கும் சாதனம் என்கிறது. துப்பாக்கி என்று புரிய எனக்கு இரண்டு நாவல் ஆயிற்று. இதற்கு மட்டும் கோபமே வரவில்லை.

நண்பனிடம் வாங்காதே என்று சொல்லிவிட்டேன். புது மாடலில் அந்த வரிசை இன்னும் பெரிதாம். 'அப்ப நீ எதுக்குடா காசு போட்டு பேட்டரி மாத்தினே?' என்கிறான். பால் கெயின் சிறுகதைத் தொகுப்பில் இன்னும் மூன்று கதை பாக்கி இருக்கிறது.