சி.பி.ரி. என்று சொல்லிக் காசு வாங்குபவர்கள்: கொஞ்சம் கவனம்

போன வருசம் மனச்சோர்வில் கிடந்தேன். பள்ளிக்கூடத்துக்கு லீவு எழுதி எழுதி அதிபருக்கே அலுத்துவிட்டது. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் மாத்திரை தொடங்கினார்கள். வேலை செய்யச் சில கிழமை எடுக்கும் என்று டொக்டர் சொல்லித்தான் விட்டார். எனக்குத்தான் பொறுமை இல்லை. கிளினிக் வரிசையில் தெரிந்த சனம் கண்டுவிடுமோ என்ற பயம் வேறு.

அந்த நேரம் பார்த்து முகநூலில் ஒரு விளம்பரம்: 'பத்தே அமர்வில் விடுதலை, சி.பி.ரி. முறை.' சி.பி.ரி. (CBT) என்றால் எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுவழிச் சிகிச்சை. பத்துக்கும் சேர்த்து 40,000 ரூபாய் முதலே கட்டவேண்டும். கட்டினேன். பற்றுச்சீட்டுக் கேட்கவும் தோன்றவில்லை.

முதல் நாள் அந்த விளம்பரக்காரர் கட்டம் போட்ட தாள்கள் தந்தார்: நடந்தது என்ன, அப்போது வந்த எண்ணம், கவலை நூற்றுக்கு எத்தனை, எண்ணத்துக்கு ஆதாரம், எதிரான ஆதாரம். ஒழுங்காக நிரப்பினேன். 'செவ்வாய். அம்மா போன் எடுக்கவில்லை. என்னோடு கதைக்க அவவுக்கு விருப்பமில்லை. கவலை 80.' அடுத்த முறை நீட்டினால், புரட்டாமலே திருப்பித் தந்துவிட்டு, "பிள்ளை, வன்னியில எல்லாத்தையும் இழந்த சனமே சிரிச்சுக்கொண்டு இருக்குது" என்று தொடங்கினார். மிச்ச நேரம் முழுக்க அவர் வாழ்க்கையில் முன்னேறிய கதை.

அதைக்கூட மன்னிக்கலாம். நாலாம் நாள், "மாத்திரை அடிமையாக்கும், இண்டையோட விடுங்கோ" என்றார். விட்டேன். மூன்றாம் நாளே தலைசுற்று, சத்தி, மண்டைக்குள் கரண்ட் அடித்தாற்போல் ஒரு வெட்டு. அக்கா ஓட்டோவில் ஏற்றித் திரும்பக் கிளினிக்குக்குக் கொண்டுபோனா. இந்த மாத்திரையைச் சடாரென்று நிறுத்தக்கூடாதாம். நிறுத்துவதென்றால் டொக்டர்தான் படிப்படியாகக் குறைக்கவேண்டும்.

அங்கேதான் உண்மையான சி.பி.ரி.யைக் கண்டேன், அதுவும் காசில்லாமல். 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் தொடங்கிவைத்த முறை. தானாக வந்து விழும் எண்ணத்தை அப்படியே நம்பாமல் சோதித்துப் பார்ப்பதுதான் அதன் அடிப்படை. புத்திமதிக்கு அங்கே வேலையில்லை. அங்கே சிகிச்சை தந்த பெண் என் பழைய தாளையே விரித்தா.

"பிறகு அம்மா எடுத்தவவா?"

"இரவு எடுத்தவ. குளிச்சுக்கொண்டு நிண்டவவாம்."

"அதை ஏன் எழுதேல்லை?"

எதிரான ஆதாரக் கட்டம் வெறுமையாகவே கிடந்தது. நான் அதைக் கவனித்ததே இல்லை. பிறகு ஒரு வீட்டுவேலை: பின்னேரம் நல்லூர் வீதியில் 15 நிமிடம் நடந்து, போகமுன்னும் வந்தபின்னும் மனநிலைக்குப் புள்ளி போடவேண்டும். அடுத்த முறை போனதும் முதலில் கேட்டது அந்தக் கொப்பியைத்தான்.

தனியாரிடம் போவதென்றால் என்ன படித்தவர், எங்கே பயிற்சி பெற்றவர் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். முழுக் காசையும் முதலே கொடுக்காதீர்கள். டொக்டர் தந்த மாத்திரையை விடச் சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். சாகவேண்டும் என்ற எண்ணம் வந்தால் கிளினிக் நாள்வரை பார்த்திருக்கவேண்டாம், மனநல உதவித் தொலைபேசி இலக்கமான 1926க்கு எந்த நேரமும் எடுக்கலாம்.

மிச்ச ஆறு அமர்வுக் காசைக் கேட்டு அவருக்குப் போன் எடுத்தேன். "பிள்ளை, இதுதான் உங்கட எதிர்மறைச் சிந்தனை" என்றார். அடுத்த நாள் என் நம்பரை புளொக் பண்ணிவிட்டார்.