கிளஸ்டர் தலைவலிக்கு வெரபமில்: பல வருடம் சாப்பிட்ட அனுபவம்

கிளஸ்டர் தலைவலியைத் தடுக்க வெரபமில் மாத்திரையைப் பல வருடமாக, வலி வரும் பருவத்தில் மட்டும், சாப்பிட்டு வருகிறேன். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். இதே வலியோடு இருப்பவர்களுக்கும் அவர்கள் வீட்டில் இருப்பவர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு இந்த மருந்து வேலை செய்கிறது. ஆனால் முதல் இரண்டு வாரம் ஒன்றுமே நடக்காதது போலத்தான் இருக்கும். விட்டுத் தொலைக்கலாம் என்று தோன்றுவதும் அப்போதுதான். தயவுசெய்து அங்கே விட்டுவிடாதீர்கள்.

வலியைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். எப்போதும் ஒரே பக்கம்தான், எனக்கு வலது கண்ணுக்குப் பின்னால். அந்தக் கண் மட்டும் சிவந்து நீர் கொட்டும், அந்தப் பக்கத்து மூக்கு அடைக்கும், இமை தொங்கிவிடும். மைக்ரேன் வந்தவர்கள் இருட்டு அறையில் அசையாமல் படுத்திருப்பார்கள். இதில் படுக்கவே முடியாது, நடு ராத்திரியில் மொட்டை மாடியில் நடந்துகொண்டே இருப்பேன். ஒரு தடவை வந்தால் 15 நிமிடத்திலிருந்து 3 மணி நேரம் வரை இருக்கும். ஒரே நாளில் 8 தடவை வரைகூட வரலாம். கண்ணயர்ந்த கொஞ்ச நேரத்திலேயே, தினமும் கிட்டத்தட்ட ஒரே மணிக்கு எழுப்பிவிடும். சில வாரங்களோ சில மாதங்களோ இப்படி ஆட்டிவிட்டு, அப்புறம் காணாமல் போகும். எனக்கு ஐப்பசி மழை தொடங்கி, பொழுது சீக்கிரம் சாயும் நாட்களில்தான் வரும். உடம்பின் நேரக்கணக்கைப் பார்த்துக்கொள்ளும் ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதி வலியின்போது கிளர்ச்சி அடைவதை 1998-இல் ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள். மணி தவறாமல் வருவதற்கு அதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள்.

இது ஆயிரத்தில் ஒருவருக்கு வருகிற நோய் என்பதால், பெயர் தெரிவதற்கே வருடக்கணக்காகிறது. சைனஸ் என்று ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். நன்றாக இருந்த கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். மைக்ரேன் என்று, அதைத் தடுக்கும் புரப்ரனலால் மாத்திரை கொடுத்தார்கள். கடைசியில் ஒரு நரம்பியல் மருத்துவர்தான், நான் சொல்லி முடிப்பதற்குள், "ராத்திரி எழுந்து நடப்பீங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காக அவருக்கு நான் என்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

வெரபமில் உண்மையில் இதயத்துக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரை. மருந்துக் கடையில் "ஹார்ட்டுல பிரச்சினையாங்க?" என்று கேட்பார்கள், பயப்பட வேண்டாம். கிளஸ்டர் தலைவலியைத் தடுக்க உலகம் முழுக்க முதலில் கொடுப்பது இதைத்தான். எனக்கு ஆரம்பிக்கும் முன்பு அந்த நரம்பியல் மருத்துவர் இரண்டு காரியம் செய்தார். புரப்ரனலாலைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். அந்த இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். அடுத்து ஒரு ஈசிஜி.

தொடக்கம் 80 மி.கி., நாளுக்கு மூன்று வேளை. பத்து நாளுக்கு மேல் பார்த்துவிட்டு, மறுபடி ஈசிஜி எடுத்து, நாள் மொத்தத்தில் 80 மி.கி. கூட்டுவார். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் அளவிலேயே நின்றுவிட்டால் பலருக்கு இந்த வலி அடங்காது. எனக்கு நாளுக்கு மொத்தம் 480 மி.கி.-இல் அடங்கியது. சிலருக்கு 960 வரை போக வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறை கூட்டும்போதும் ஈசிஜி எதற்கு என்றால், இதயத்தில் மேலறையிலிருந்து கீழறைக்குப் போகும் மின்சாரத்தை இந்த மருந்து தாமதப்படுத்தும். அது மிஞ்சினால் இதயத் தடை. உடம்புக்கு ஒன்றும் தெரியாமலே ஈசிஜியில் மட்டும் அது தெரியலாம். ஒரே அளவில் ரொம்ப நாள் சாப்பிட்டாலும் பின்னால் வரலாம். ஒரு சீசனில் வலி தாங்காமல் மாத்திரையை நானே ஏற்றிக்கொள்ளலாமா என்று பேசியபோது, என் மனைவி, "ஏங்க, ஈசிஜி எடுக்காம ஒரு மாத்திரைகூட கூட்டக் கூடாது" என்று மருந்துச் சீட்டையே எடுத்து வைத்துக்கொண்டாள். அவள் சொன்னதுதான் சரி.

அந்த முதல் இரண்டு வாரத்தைத் தாண்டுவதற்கு பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பார்கள். அதிக அளவில் தொடங்கி, சீக்கிரமே குறைத்து நிறுத்திவிட வேண்டும். இரண்டு மூன்று நாளில் வலி அடங்கியதும் அதையே தொடரலாம் என்று ஆசை வரும். சர்க்கரை ஏறும், வயிறு புண்ணாகும், தூக்கம் போகும், இடுப்பு எலும்பே கெட்டுப்போகலாம். அதை வெரபமில் வேலை செய்யத் தொடங்கும் வரைக்கும் ஒரு பாலமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சிலருக்கு இதற்குப் பதிலாகப் பின்மண்டை நரம்பில் ஊசி போடுகிறார்கள்.

பக்க விளைவுகளில் என்னைப் படுத்தியது மலச்சிக்கல்தான். ராகிக் களி, கீரை, கொய்யா, நிறையத் தண்ணீர் என்று சமாளிக்கிறேன். அளவு கூடும்போது கணுக்கால் கொஞ்சம் வீங்கும், மாடிப்படி ஏறினால் அசதியாக இருக்கும். ஈறு தடிக்கலாம் என்பதால் பல் மருத்துவரிடமும் இந்த மருந்தைச் சொல்லி வைத்திருக்கிறேன். கிரேப்ஃப்ரூட் சாறு இந்த மருந்தை இரத்தத்தில் ஏற்றிவிடும். அதே இனம் என்பதால் பம்பளிமாஸும் வேண்டாம் என்றார் நரம்பியல் மருத்துவர். ஏற்காட்டு கமலா ஆரஞ்சு சாப்பிடலாம். மாமியார் வீடு ஏற்காட்டில் என்பதால் இதை நான் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

வலி வந்தபின் அதை நிறுத்த வெரபமில் உதவாது. அதற்கு எனக்கு ஆக்சிஜன்தான். பை வைத்த மாஸ்க்கில், நிமிடத்துக்கு 12 லிட்டர், 15 நிமிடம். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து 5 லிட்டர் மட்டும் தரும் கான்சன்ட்ரேட்டர் மெஷின் இதற்குப் போதாது, சிலிண்டர்தான் வேண்டும். பட்டறையில் நாள் முழுக்க நெருப்பு எரிவதால் சிலிண்டரை வீட்டில் மட்டுமே வைத்திருக்கிறேன், பக்கத்தில் விளக்குகூட ஏற்ற மாட்டோம். சுமட்ரிப்டான் ஊசியும் வேகமாகக் கேட்கும், ஆனால் இதய நோய் இருப்பவர்களுக்கு ஆகாது. பாராசிட்டமால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

தடுப்பு மருந்தின் அருமை எனக்குப் புரிந்தது மலையில்தான். முன்பெல்லாம் சீசனில் ஏற்காடு போவதே இல்லை. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, சிலிண்டர் இல்லாமல், குளிரில் ராத்திரி வலி வந்தால் என்ன செய்வது? மைத்துனன் கல்யாணத்துக்குக்கூடக் கீழே இருந்தபடியே வாழ்த்து சொன்னேன். இப்போது மருந்து நிலைத்தபின் கார்த்திகையில் குடும்பத்தோடு போய்த் தங்குகிறேன், காப்பி பழம் பறிப்பதைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். மாத்திரை டப்பாவும் ஊசியும் மட்டும் கைப்பையில் இருக்கும். வலி அறவே வராது என்று சொல்ல மாட்டேன். சீசன் உச்சத்தில் எப்போதாவது ஒன்று வரும், முன்பு போல் வேகம் இருக்காது. அந்த மாதங்களில் மது மட்டும் ஒரு வாய்கூடக் கூடாது, அரை மணி நேரத்தில் வலியை இழுத்து வந்துவிடும்.

வெரபமில் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு லித்தியம் இருக்கிறது, இரத்தத்தில் அதன் அளவு, தைராய்டு, சிறுநீரகம் மூன்றையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். டோப்பிரமேட்டும் கொடுக்கிறார்கள். பருவம் பருவமாக வருகிறவர்களுக்கு கல்கனெசுமாப் என்ற ஊசியை அமெரிக்காவில் 2019-இல் அனுமதித்தார்கள்.

நிறுத்துவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். வலி இல்லாமல் இரண்டு வாரமாவது போன பிறகுதான் எனக்குக் குறைக்க ஆரம்பிப்பார்கள், அதுவும் 80, 80 ஆக. குறைக்கும்போது கண்ணோரம் லேசாகக் குத்தினால் பழைய அளவுக்குத் திரும்பிக் கொஞ்ச நாள் இருந்துவிட்டு மறுபடி இறங்குவோம். அடுத்த சீசனில் அந்த முதல் குத்தல் தெரிந்த அன்றே மருத்துவருக்குப் போன் செய்துவிடுகிறேன். வலி முற்றும் வரை காத்திருப்பதைவிட, அன்றே ஈசிஜி எடுத்து ஆரம்பித்தால் அந்த இரண்டு வாரமும் சீக்கிரம் கழிந்துவிடுகிறது.