ஊருக்குள் ஒர்க்‌ஷாப்: கான்கிரீட்டா, வெல்டிங் ஷெட்டா, போல்ட் ஷெட்டா?

கோவை கணபதியில் 12 சென்ட் இடத்தில் எங்கள் ஜாப் வொர்க் (வெளியார் ஆர்டருக்கு மிஷின் வேலை) யூனிட்டுக்குச் சொந்தக் கட்டடம் போட்டு மூன்று வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் ஒரு கான்கிரீட் கட்டடத்தின் தரைத்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். கட்டும்போது மூன்று வழிகள் இருந்தன: தூண், சிலாப் போட்டு இரண்டு தளக் கான்கிரீட், உள்ளூர் ஃபேப்ரிகேட்டர் இடத்திலேயே பைப்பை வெல்டிங் செய்து நிறுத்தும் ஷெட், ஃபேக்டரியில் செய்து கொண்டுவந்து போல்ட் முடுக்கும் பிஇபி (ப்ரீ-இன்ஜினியர்டு பில்டிங்) ஷெட். நான் மூன்றாவதை எடுத்தேன். அதனால் என் தராசு கொஞ்சம் அந்தப் பக்கம் சாயும், சொல்லிவிடுகிறேன்.

விலை எல்லாருக்கும் தெரிந்த கதைதான். வாங்கிய கொட்டேஷனில் வெல்டிங் ஷெட் குறைவு, போல்ட் ஷெட் நடுவில், கான்கிரீட் மேலே. இரும்பு விலை ஏறி இறங்கினால் இந்த இடைவெளியும் மாறும். வேகத்தில் கான்கிரீட் கடைசி.

கான்கிரீட்டை மட்டமாகச் சொல்லவில்லை. வெயிலும் சத்தமும் அதில் குறைவாகவே கடக்கும், மேலே இன்னொரு தளமும் கிடைக்கும். ஆனால் அந்தத் தளத்தில் என்ன வைப்பது? கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகத்தைக் கடையும் விஎம்சி மிஷினை மாடியில் வைத்தால் தளம் அதிரும், அளவு நிற்காது. பேக்கிங், இன்ஸ்பெக்‌ஷன், ஆபீஸ் என்று லேசான வேலைதான் மேலே போகும், அதற்கும் ஒரு கூட்ஸ் லிஃப்ட் வேண்டும். வாடகைக் கட்டடத்தில் 15 அடிக்கு ஒரு தூண், 11 அடியில் சிலாப். புது மிஷின் வந்த அன்றைக்குச் சுவரை இடித்துத்தான் உள்ளே தள்ளினோம். மிஷினின் தலைக்கும் சிலாப்புக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

சரி, என்னை முடிவெடுக்க வைத்தது இது எதுவும் இல்லை. கட்டடத்தை ஒருநாள் கழற்ற முடியுமா என்ற கேள்விதான்.

கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு பக்கம் லேத் பட்டறைகள் வந்தபோது சுற்றிலும் பாதி காடு. இன்று பட்டறைச் சுவரை ஒட்டி வீடு. ராத்திரி ஷிஃப்ட் ஓட்டினால் புகார், லாரி நின்றால் சண்டை, நிலத்தின் விலையோ தொழிலின் வருமானத்தைக் கேலி செய்கிறது. இன்னும் பத்துப் பதினைந்து வருஷத்தில் அரசூர் பக்கமோ மலுமிச்சம்பட்டிப் பக்கமோ போகவேண்டி வரலாம். போனால் கட்டடம் என்ன ஆகும்? எங்கள் வீதியிலேயே இரண்டு பேர் காலி செய்ததைப் பார்த்தேன். ஒருவர் கான்கிரீட்டை இடிக்கக் காசு கொடுத்தார், கம்பி மட்டும் விலை போனது. இன்னொருவரின் வெல்டிங் ஷெட்டை கேஸ் கட்டரால் துண்டு போட்டுக் காயலான் கடைக்காரர் எடை போட்டு எடுத்துப் போனார். நின்றவரை நல்ல ஷெட்தான், வெட்டியதும் வெறும் கிலோ கணக்கு.

போல்ட் ஷெட்டில் தூண், ராஃப்டர் (கூரையின் சாய்வு விட்டம்), பர்லின் (ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) எல்லாம் எண் போட்ட உறுப்புகள். வந்த வரிசைக்கு எதிர்வரிசையில் கழற்றலாம். எல்லாமே திரும்பக் கிடைக்கும் என்று நம்பிவிட வேண்டாம். அஸ்திவாரமும் தரையும் போயிற்று. கூரை ஷீட் ஸ்க்ரூ ஓட்டையோடு வரும், மறுபடி கூரைக்கு ஆகாது. எந்த ஊருக்குப் போகிறோம் என்பதும் முக்கியம்: கட்டட டிசைனுக்கு எடுக்கும் காற்றின் அடிப்படை வேகம் கோவைக்கு வினாடிக்கு 39 மீட்டர், சென்னைக்கு 50. அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் அங்கே ஒன்றரை மடங்குக்கு மேல் வரும். கோவை ஃபிரேமை (தூணும் ராஃப்டரும் சேர்ந்த சட்டத்தை) கழற்றி அப்படியே சென்னையில் நிறுத்த முடியாது.

கழற்றுவதைவிட முன்னதாக வரும் தேவை நீட்டுவது. சாதாரணமாக ஷெட்டின் கடைசி முனையில் லேசான தூண்களை வைத்து முடித்துவிடுவார்கள், அது பாதிச் சுமைக்குத்தான் தாங்கும். பின்னால் 20 அடி நீட்டவேண்டுமென்றால் அந்த முனையைப் பிரிக்கவேண்டும். நான் அங்கேயும் முழு ஃபிரேம் கேட்டேன். “ஏனுங்கண்ணா, காசு தண்டமுங்க” என்றார் சைட் சூப்பர்வைசர். போகட்டும் என்று கொடுத்தேன். கிரேன் பிராக்கெட்டும் சோலார் தகட்டின் சுமையும் முதல் டிராயிங்கிலேயே இருக்கவேண்டும். கூரை ஏற்றிய அப்புறம் கேட்டால் யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள்.

சுற்றுச்சூழல் கணக்கிலும் கொஞ்சம் நேர்மை வேண்டும். எங்கள் 3,200 சதுர அடிக்கு இரும்பு சுமார் 10 டன். அதே பரப்புக்கு ஐந்து இஞ்ச் சிலாப் மட்டும் போட்டால் 90 டன்னைத் தாண்டும். ஆனால் கிலோவுக்குக் கிலோ பார்த்தால், இரும்பை உருக்க வெளியாகும் கரியமில வாயு கான்கிரீட்டைவிடப் பல மடங்கு. ஷெட் போட்டாலே பசுமைக் கட்டடம் என்று விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. அந்த ஃபிரேம் இரண்டாம் தடவை எங்காவது நின்றால்தான் கணக்கு நேராகிறது.

தொல்லைகள் உண்டு. ஷீட் சுவர் சத்தத்தைத் தடுக்காது; அதனால் எட்டடி உயரத்துக்கு ஹாலோ பிளாக் கட்டி, மேலேதான் ஷீட். கூரைக்கு அடியில் கண்ணாடிப் பஞ்சு, உச்சியில் டர்போ வென்டிலேட்டர். வடக்கு வெளிச்சம் வாங்கும் பழைய மில்களின் ரம்பப்பல் கூரையைப் பார்த்து வடக்குச் சுவரில் ஒளி புகும் பாலிகார்பனேட் வைத்தேன், பகலில் லைட் போடுவதில்லை. ஒரு சின்ன ஏமாற்றம்: சித்திரையிலிருந்து ஆவணி தொடக்கம் வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், அந்த மாதங்களில் அந்தப் பக்கம் கூசும். ஐப்பசி மழைக்கு முன்னால் வாய்க்கால் தகட்டில் வேப்பிலை அள்ளுவதும், ஸ்க்ரூவின் ரப்பர் வாஷரைப் பார்ப்பதும் வருஷா வருஷம் உள்ள வேலை.

என் ஷெட் மூன்று மழையைத்தான் பார்த்திருக்கிறது. வாஷர்கள் பத்து வருஷம் போகுமா என்று அப்போது கேளுங்கள். நான் இன்னும் ஒரு போல்ட்டையும் கழற்றிப் பார்க்கவில்லை, பழைய ஃபிரேமுக்கு என்ன விலை கிடைக்கும் என்பதும் பிறர் சொல்லக் கேட்டதுதான். தீ விஷயத்தில் கான்கிரீட்தான் மேல். சுமார் 550 டிகிரியில் இரும்பின் பலம் பாதியாகிவிடும். பனியன், பஞ்சு, பெயின்ட் வைத்திருப்பவர்கள் இதை என் பேச்சைக் கேட்டு முடிவு செய்யவேண்டாம். நாலு சென்ட் இடத்தில் அசெம்பிளி மட்டும் செய்பவருக்கும் கான்கிரீட் மாடிதான் சரி.

போல்ட் ஷெட் எடுப்பவர்கள் பணம் முழுவதும் கொடுப்பதற்குள் எரெக்‌ஷன் டிராயிங்கைக் கேட்டு வாங்குங்கள். எந்த எண் எங்கே என்று தெரியாவிட்டால் போல்ட் ஷெட்டும் காயலான் கடைக்குத்தான் போகும். எங்களுடையது வீட்டு பீரோவில், நிலப் பத்திரத்தோடு இருக்கிறது.