ஓல்-இன்-வொண்டர் 9700 புரோ: கேமும் ரிவியும் ஒரே கிராபிக்ஸ் காட்டில

வீட்டில பழைய விண்டோஸ் எக்ஸ்பி கொம்பியூட்டர்ப் பெட்டி ஒண்டு சும்மா கிடந்தது, அதுக்குப் போடுவம் எண்டு கஸ்தூரியார் ரோட்டுப் பக்கம் ஒரு கடையில இந்தக் காட்டைப் பழசா வாங்கினனான். ஏடிஐ கொம்பனி 2002ல விட்ட காட், 128 எம்பி மெமரி, ஏஜிபி 8எக்ஸ் எண்ட பழைய சொக்கெட்டில குத்திறது, கேமுக்குத் தேவையான டைரக்ட்எக்ஸ் 9உம் ஓடும். அந்தக் காலத்துக் கேமெல்லாம் ஒரு இழுவையும் இல்லாமல் ஓடுது, அதில குறை சொல்ல ஒண்டுமில்லை.

ரிவிப் பக்கம்தான் கதை. கடைக்கார அண்ணை முதல்ல தந்தது அமெரிக்க ரிவி முறையான என்டிஎஸ்சிக்குச் செய்த மொடல், எங்கட சனல் எல்லாம் பால் (PAL) எண்ட வேற முறை எண்டபடியா படமும் கலங்கல் சத்தமும் இல்லை, மாத்த மூண்டு தரம் சைக்கிள் உழக்கினன். வாங்கிறாக்கள் பால் மொடலோ எண்டு கேட்டு வாங்குங்கோ. பிறகு கூரையில அன்ரெனாவைத் திருப்பித் திருப்பி ரூபவாஹினி தெளிவா வந்திட்டுது.

ரிமோட்தான் பேய்ச் சாமான். ரேடியோ அலையில வேலை செய்யிறதால பெட்டிக்கு நேர பிடிக்கத் தேவையில்லை, அம்மா குசினிக்குள்ள தேங்காய் துருவித் துருவி சனல் மாத்துறா, நான் இஞ்ச இருந்து கத்துறன். ஓடுற நிகழ்ச்சியை நிப்பாட்டியும் பாக்கலாம், ரெக்கோட்டும் பண்ணலாம், ஆனா எம்பெக்-2 எண்ட வீடியோ வடிவமா மாத்திற பாரம் சிபியுவில விழுறதால அந்த நேரம் கேமைத் திறக்காதேங்கோ.

விலை சொல்லமாட்டன், அம்மா வாசிப்பா.