சர்வீஸ் அனுபவத்தை லைசென்ஸாக மாற்றித் தருகிறோம் என்பவர்களிடம் நான் கொடுத்த 3,40,000 ரூபாய்

போன வாரம் ஒரு தம்பி அழைத்தான். சூலூரில் என்னோடு ஒரே ஸ்குவாட்ரனில் இருந்தவன், இன்னும் நான்கு மாதத்தில் விமானப்படையை விட்டு வெளியே வருகிறான். "சார், உங்களுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது இவங்கதானாமே? உங்க போட்டோவே போட்டிருக்காங்க. அதை நம்பித்தான் நானும் நாற்பதாயிரம் கட்டினேன்" என்றான்.

விளம்பரத்தை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். கட்டம் போட்ட சட்டையில் சிரித்துக்கொண்டு நிற்பது நான்தான். சர்வீஸ் அனுபவத்தை விமானப் பராமரிப்பு லைசென்ஸாக மாற்றித் தருகிறோம் என்ற அந்த நிறுவனத்தின் அலுவலகத்தில் முதல் தவணை கட்டிய அன்று எடுத்த படம். கீழே, 'எங்கள் மூலம் ஏர்கிராஃப்ட் என்ஜினியர் ஆன முன்னாள் படைவீரர்' என்று போட்டிருக்கிறார்கள். நான் என்ஜினியர் ஆகவில்லை. எனக்கு வேலை வாங்கித் தந்ததும் அவர்கள் இல்லை. இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் என் முகத்தைக் காட்டியே இன்னும் நாலு பேரிடம் வாங்குவார்கள். அதனால்தான் எழுதுகிறேன். வழக்கு நடப்பதால் நிறுவனத்தின் பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

2004-இல் சேர்ந்தேன். பெல்காமில் அடிப்படைப் பயிற்சி, தாம்பரத்தில் டிரேட் பயிற்சி. ஏர்ஃபிரேம் ஃபிட்டர், அதாவது விமானத்தின் உடற்பகுதியைப் பராமரிப்பவன். இருபது வருடத்தில் பெரும்பகுதி ஏஎன்-32 போக்குவரத்து விமானத்தோடுதான் போனது, முதலில் ஜோர்ஹாட், கடைசியாகச் சூலூர். 2024 ஆகஸ்டில் சார்ஜென்டாக வெளியே வந்தேன். கிராஜுவிட்டி, கம்யூட்டேஷன், லீவ் என்கேஷ்மென்ட், குரூப் இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்து கணக்கில் விழுந்த பத்தாவது நாள் அந்த அழைப்பு வந்தது. என் எண்ணும், நான் வெளியே வந்த தேதியும் அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று அன்று யோசிக்கவில்லை. நம் வாட்ஸ்அப் குழுக்களில் வழியனுப்பு விழாப் படங்களைப் பேர், ரேங்க், தேதியோடு நாமேதான் போடுகிறோம்.

கோவையில் ஒரு வணிக வளாகத்தின் மூன்றாவது மாடி. வாசலில் தேஜஸ் விமானத்தின் பெரிய படம், உள்ளே நுழைந்ததும் ஒரு 'ஜெய் ஹிந்த்'. நடத்துகிறவர் தானும் ஃபோர்ஸில் இருந்தவர்தான் என்றார். எந்த என்ட்ரி (சேர்ந்த பேட்ச்), என்ன டிரேட் என்று கேட்டேன். "அதெல்லாம் பழைய கதை சார்" என்று சிரித்தார். பேச்சுவாக்கில் ஒருமுறை என்னை 'சுபேதார் சார்' என்றும் கூப்பிட்டார். விமானப்படையில் சுபேதார் ஏது? காதில் விழுந்தது, மூளைக்குப் போகவில்லை. வீட்டுக்காரி மட்டும் படியிறங்கும்போது, "ஏனுங்க, அந்த ஆளு உங்க கண்ணைப் பாத்தே பேசலைங்களே" என்றாள். இருபது வருடம் சர்வீஸ் பண்ணியவனுக்கு ஆள் தெரியாதா என்று அவளை அடக்கிவிட்டேன்.

அவர் சொன்னது இதுதான். உங்கள் இருபது வருட அனுபவத்தை சிவில் விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ அங்கீகரிக்கும். அதை நாங்கள் பி1.1 ஏஎம்இ லைசென்ஸாக, அதாவது டர்பைன் விமானங்களுக்கான பராமரிப்பு என்ஜினியர் லைசென்ஸாக 'கன்வர்ட்' பண்ணித் தருகிறோம். தேர்வு ஒன்றும் எழுத வேண்டாம், பேருக்கு ஒரு இன்டர்வியூ மட்டும். ஆறு மாதத்தில் ஏர்லைன்ஸ் வேலை. சீக்கிரம் முடிவெடுங்கள், புது விமானச் சட்டம் வருகிறது, வந்துவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும்.

புதுச் சட்டம் வந்தது உண்மைதான். 1934-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய வாயுயான் அதினியம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அடைபட அங்கே அப்படியொரு வழியே இருந்ததில்லை. லைசென்ஸ் விதிகள் சிஏஆர்-66 என்ற ஆவணத்தில் இருக்கின்றன, டிஜிசிஏ இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ராணுவ விமானத்தில் செய்த பராமரிப்பு சிவில் பராமரிப்புக்குச் சமமாக இருந்தால் அதை அனுபவமாக எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அதற்கு மேல் சிவில் பராமரிப்புச் சூழலிலும் வேலை பார்த்திருக்க வேண்டும். தேர்வு தனி. கேஸ் டர்பைன், புரொப்பெல்லர், மெயின்டனன்ஸ் பிராக்டிசஸ், ஹியூமன் ஃபேக்டர்ஸ், விமானச் சட்டம் என்று மாட்யூல் மாட்யூலாக எழுதி ஒவ்வொன்றிலும் 75 சதவீதம் எடுக்க வேண்டும். இதை அன்று ராத்திரியே உட்கார்ந்து படித்திருந்தால் இந்தப் பதிவே இல்லை. ரஷ்ய மேனுவலின் மொழிபெயர்ப்பையே வரி வரியாகப் படித்து வேலை செய்தவன், சொந்தப் பணம் என்றதும் படிக்கவில்லை.

முதலில் 40,000. அடுத்து 'ஃபைல் பிராசசிங்' என்று 1,50,000. அப்புறம் 'டெல்லி செலவு' என்று இன்னொரு 1,50,000. ரசீதில் மூன்று முறையும் 'ஆளுமை மேம்பாட்டுப் பயிற்சிக் கட்டணம்' என்றுதான் இருந்தது. லைசென்ஸ் என்ற சொல் எங்கேயும் இல்லை. கேட்டதற்கு, "ஜிஎஸ்டிக்காக அப்படிப் போடறோம் சார்" என்றார்கள். அந்த ரசீதில் ஜிஎஸ்டி எண்ணும் இல்லை என்பதை நான் கவனித்தது ஏழு மாதம் கழித்து.

நடுவில் எனக்கு ஒரு பயோடேட்டா தயார் செய்தார்கள். அதில் நான் 'சீஃப் என்ஜினியர்'. அதை எடுத்துக்கொண்டு சென்னையில் ஒரு வாக்-இன் நேர்காணலுக்குப் போனேன். எதிரில் இருந்த அம்மையார் முதல் வரியைப் படித்துவிட்டு லைசென்ஸ் எண் கேட்டார். இன்னும் வரவில்லை என்றேன். "அப்போ நீங்க டெக்னீஷியன். இதை ஏன் என்ஜினியர்னு எழுதியிருக்கீங்க?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பரிதாபமாகக் கேட்டார்.

2025 மார்ச்சில் அழைத்து, சிவில் அனுபவத்தைக் காட்டுவதற்கான ஒரு லாக்புக்கைக் கையில் கொடுத்தார்கள். பக்கம் பக்கமாக நிரப்பியிருந்தது. ஏடிஆர்-72 விமானத்தில் நான் செய்ததாக ஒரு வருட வேலை. மெயின் வீல் மாற்றியது, பிரேக் யூனிட் மாற்றியது, புரொப்பெல்லர் பிளேடு ஆய்வு. ஒவ்வொன்றுக்கும் தேதி, வேறு மாநிலத்தில் இருக்கும் ஏதோ ஒரு பராமரிப்பு நிலையத்தின் முத்திரை. என் கையெழுத்துக்கான கட்டம் மட்டும் காலி. "நீங்க சைன் மட்டும் போடுங்க சார், மத்ததை நாங்க பாத்துக்கறோம்." நான் ஏடிஆரின் சக்கரத்தைப் பயணியாக ஏறும்போது பார்த்ததோடு சரி. ஒரு பதிவின் தேதி 2024 மார்ச். அன்று நான் சீருடையில் சூலூரில் இருந்தேன்.

சர்வீஸில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு விமானத்துக்கும் எஃப்-700 என்று ஒரு பதிவேடு உண்டு. எந்த வேலை செய்தாலும் செய்தவன் அதில் கையெழுத்துப் போட வேண்டும். அதைப் பார்த்துத்தான் பைலட் விமானத்தைக் கையில் எடுக்கிறார். ஜோர்ஹாட்டில் ஒருநாள் வேலை முடித்து டூல் கணக்கு எடுத்தபோது ஒரு பத்து எம்எம் ஸ்பேனர் குறைந்தது. விமானத்தை நிறுத்திவிட்டார்கள். குளிரில் டார்ச் அடித்து ஐந்து பேர் தேடினோம். ராத்திரி பதினோரு மணிக்கு என்ஜினை மூடியிருக்கும் நேசெலுக்குள் ஒரு குழாயின் பின்னால் கிடைத்தது. வைத்தவன் நான்தான். அன்று வாரண்ட் ஆபீசர் திட்டவில்லை. பதிவேட்டைத் திறந்து என் கையெழுத்தின் மேல் விரலை வைத்துக் காட்டினார், அவ்வளவுதான்.

லாக்புக்கை மேஜையில் வைத்துவிட்டு எழுந்தேன். போலி லாக்புக்கில் போடும் கையெழுத்து, மாட்டினால் லைசென்ஸ் போவதோடு முடியாது, கிரிமினல் வழக்கு. முத்திரை அடித்துக் கொடுத்தவன் அன்று ஊரில் இருக்க மாட்டான். பக்கங்களில் நம் பெயர் இருக்கும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் பேச்சு மாறியது. "லைசென்ஸ் வேண்டாம்னா கல்ஃப் போங்க சார். ஷார்ஜாவுல ஓப்பனிங் இருக்கு, தொண்ணூறாயிரம் மட்டும் கட்டுங்க." இந்த முறை வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும், இமைக்ரேட் தளத்தில் பட்டியல் இருக்கிறது. அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணமே அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். பட்டியலில் இந்த நிறுவனம் இல்லை.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்தேன். சிஎஸ்ஆர் ரசீது போட்ட மறுவாரம் 60,000 திரும்ப வந்தது. மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் ஆணையத்துக்குக் கட்டணம் இல்லை. எதிர்த்தரப்பின் பதில், 'மனுதாரர் ஆளுமை மேம்பாட்டுப் பயிற்சி பெற்றுக்கொண்டார்' என்பது. ஒருவகையில் பெற்றுக்கொண்டேன்தான்.

எனக்கு இப்போது வேலை இருக்கிறது. என் என்ட்ரி மேட் ஒருவன் சொல்லி, ஒரு விமானப் பராமரிப்பு நிலையத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். ஒரு பைசா கொடுக்கவில்லை. பயோடேட்டாவை நானே ஒரு பக்கத்தில் எழுதினேன். பார்த்த வேலைகளை அப்படியே போட்டு, சிவில்காரர்களுக்குப் புரிகிற மாதிரி எஃப்-700 என்பதை டெக்னிக்கல் லாக் என்று மாற்றினேன். லைசென்ஸ் வைத்திருக்கும் என் மேலதிகாரிக்கு இருபத்தேழு வயது. என்னை 'அங்கிள்' என்கிறான். முதல் வாரம் சுருக்கென்று இருந்தது. இப்போது மாட்யூல் 10-க்கு, அதாவது விமானச் சட்டத்துக்கு, அவன்தான் பாடம் எடுக்கிறான். ஹியூமன் ஃபேக்டர்ஸ் முதல் தடவையிலேயே தேறிவிட்டேன். விமானச் சட்டத்தில் ஒருமுறை போய்விட்டது.

இன்னும் உள்ளே இருப்பவர்களுக்கு ஒன்று. பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுவாழ்வு இயக்ககமான டிஜிஆர் நடத்தும் மறுவாழ்வுப் பயிற்சிகளுக்கு, அதிகாரிகள் அல்லாத நம்மைப் போன்றவர்கள் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. சர்வீஸின் கடைசிக் காலத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். அந்தப் படிவம் என் மேஜை டிராயரில் மூன்று மாதம் கிடந்தது. மகளின் பத்தாம் வகுப்புத் தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போட்டு விட்டுவிட்டேன்.

அந்தத் தம்பியிடம் லாக்புக் எதிலாவது கையெழுத்துப் போட்டாயா என்றுதான் முதலில் கேட்டேன். இல்லை என்றான். அவன் ரசீதையும் அனுப்பச் சொல்லி வாங்கிப் பார்த்தேன், அதே 'ஆளுமை மேம்பாட்டுப் பயிற்சிக் கட்டணம்'. கோவைப் பக்கம் இதே சொற்களோடு வேறு யாரிடமாவது ரசீது இருந்தால் தயவுசெய்து எனக்குத் தெரியப்படுத்துங்கள். அடுத்த வாய்தாவுக்கு முன்னால் எல்லாவற்றையும் சேர்த்துத் தாக்கல் செய்யலாம் என்று வக்கீல் சொல்கிறார். ரசீதைப் படம் எடுக்கும்போது பின்பக்கத்தையும் எடுங்கள், மூன்றாம் தவணையின் பின்னால் அவர் கைப்படவே 'டெல்லி' என்று எழுதியிருப்பார்.